பாதி காற்றாய்ப் போகும் கல்

அப்பிச்சி என்றால் அம்மாவின் அப்பா. அவருடைய சுண்ணாம்புக் காளவாய்க்கு வாய் மேற்கே பார்த்திருக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நேரே அதற்குள் புகுந்து கரியை ஊதிக் கொடுக்கும். துருத்தி போட ஆள் வேண்டியதில்லை என்று கட்டும்போதே யோசித்து வைத்திருந்தார். வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவே, கேரள எல்லைக்குள் தமிழ் பேசுகிற ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றுதான் அம்மா வீடு. நிலக்கடலைக் காடு, பனைமரம், கரிசல் மண். உழும்போது கொழுவில் இடறுகிற சுக்காங்கல்லைப் பெண்கள் பொறுக்கிக் கூடையில் சேர்ப்பார்கள். மதுக்கரைப் பக்கமிருந்து வண்டியில் வெள்ளைக்கல்லும் வரும். ஒரு அடுக்கு கல், ஒரு அடுக்கு கரி, அதன்மேல் மறுபடி கல். சாயங்காலம் தீ வைத்தால் இரண்டு ராத்திரி வேகும்.

சூடு ஆறி வெளியே எடுக்கிற காலைதான் எனக்குப் பிடிக்கும். வெந்த கல் போட்ட மாதிரியே இருக்கும். அதே முண்டு, அதே முனை. ஆனால் முறத்தோடு தூக்கினால் கை தானாக மேலே போய்விடும், அவ்வளவு லேசு. கையால் தொட விடமாட்டார். வேர்வை பட்டால் தோல் வெந்துபோகும்.

"மிச்சம் எங்க போச்சுங் அப்பிச்சி?"

"காத்தோட போயிருச்சு சாமி. எந்தக் கல்லப் போட்டாலும் பாதி காத்துக்குத்தான். நம்ம கைக்கு மிச்சந்தான்."

அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் கணக்கு கிட்டத்தட்ட சரி. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவை 900 டிகிரி சூட்டில் வேக வைத்தால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் கிளம்பிவிடும். கரி எரிந்து வரும் புகை இதில் சேராது, அது தனி. கல்லுக்குள்ளேயே அடைந்து கிடந்த காற்று இது. அந்தக் காற்று கல்லுக்குள் எப்படிப் போனது என்று கேட்கத் தோன்ற எனக்கு இன்னும் பத்து வருடம் ஆனது. அதற்குப் பதில் தேடிப் போனபோதுதான் எரிமலை வந்து நின்றது. எரிமலையே இல்லாத ஊரில் பிறந்தவள் எரிமலையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் அந்த முறம்தான்.

இப்போது நான் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விவசாயிகள் பையில் கட்டிக் கொண்டுவரும் மண்ணில் நான் முதலில் செய்வது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுவது. எருத்தேன்பதி, வடகரப்பதி, ஒழலப்பதிக் கரிசலில் சொட்டு விழுந்ததும் சுர்ரென்று நுரைக்கும். காதைக் கிட்டத்தில் வைத்தால் சோடா பாட்டில் திறந்த மாதிரி சத்தம் கேட்கும். அந்த நுரையும் அப்பிச்சியின் காளவாயில் போன அதே காற்றுதான். தீ செய்த வேலையை இங்கே அமிலம் செய்கிறது, அவ்வளவுதான். ஒற்றப்பாலம், பட்டாம்பி பக்கத்துச் செம்மண்ணில் அதே சொட்டை விட்டால் ஒன்றும் நடக்காது. அந்த மண் புளிப்பு. அதற்குச் சுண்ணாம்பு போடச் சொல்லி எழுதிக் கொடுப்போம். அப்பிச்சியின் வண்டிகளும் அந்தக் காலத்தில் மேற்கே நெல்வயலுக்குத்தான் போயிருக்கின்றன. "கும்மாயம் வன்னோ?", அதாவது சுண்ணாம்பு வந்ததா என்று, மலையாளத்தில் கேட்டு வாங்குவார்களாம்.

ஒரே மாவட்டத்தில், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள், மண் இப்படித் தலைகீழாக மாறுவதற்குக் காரணம் மழை. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். எங்கள் கிழக்கோரத்துக்கு அதில் பாதிகூட வராது. மழைத்துளி வானத்திலிருந்து இறங்கும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. மண்ணுக்குள் வேரும் நுண்ணுயிரும் விடும் மூச்சு சேர்ந்து இன்னும் கொஞ்சம் புளிப்பேறுகிறது. அந்த நீர் பாறையை அரிக்கிறது. பாறையிலிருந்து கால்சியம் கழன்று வருகிறது. காற்றிலிருந்த கார்பன் பைகார்பனேட்டாக நீரில் நிற்கிறது. மேற்கே மழை அதிகம் என்பதால் எல்லாம் கழுவிக்கொண்டு பாரதப்புழையில் இறங்கிப் பொன்னானியில் கடலுக்குப் போய்விடும். கழுவியது போக இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய எச்சம்தான் வெட்டுக்கல். மலப்புறத்து அங்ஙாடிப்புறத்தில் அதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 1807-இல் அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். அங்கே இன்று ஒரு நினைவுச்சின்னமும் இருக்கிறது. கிழக்கே மழை போதாது. கழன்ற கால்சியம் கடல்வரை போக வழியில்லாமல் மண்ணுக்குள்ளேயே கார்பனைப் பிடித்துக்கொண்டு கட்டியாக உறைகிறது. எங்கள் காட்டுச் சுக்காங்கல் அதுதான்.

கடலுக்குப் போன கால்சியம் என்னவாகிறது? சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்களும் அதைக் கார்பனோடு சேர்த்து ஓடாக்கிக் கொள்கின்றன. செத்தால் ஓடு அடியில் படியும், படிந்தது சுண்ணாம்புக்கல்லாகும். மதுக்கரையிலும் வாளையாற்றிலும் சிமென்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணமான வெள்ளைக்கல், அப்படி ஏதோ ஒரு பழைய கடலில் படிந்து, பிறகு பூமியின் ஆழத்துக்குப் போய் வெந்து, படிகமாகித் திரும்பி வந்த கல். கடல் அங்கிருந்து போய் எத்தனையோ கோடி வருடம் ஆகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பழைய சுண்ணாம்புக்கல்லை மழை கரைத்துக் கடலில் புதிய சுண்ணாம்புக்கல் உண்டானால் காற்றுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கருங்கல், எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் போன்ற சிலிக்கேட் பாறையிலிருந்து புதிதாகக் கால்சியம் கழன்றால்தான் காற்றிலிருந்து கார்பன் நிஜமாகக் குறையும். அப்படிக் குறைந்துகொண்டே போனால் ஒரு நாள் காற்றில் கார்பன் டை ஆக்சைடே இருக்காது, பூமி உறைந்துவிடும். நானூற்றைம்பது கோடி வருடத்தில் அது நடந்து முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் எரிமலை. கடல்தரையைத் தாங்கும் புவித்தட்டு கண்டத்துக்கு அடியில் சரியும்போது சுண்ணாம்புக்கல்லும் கூடவே இறங்குகிறது. ஆழத்தில் அது வேகிறது. அங்கே நடப்பது அப்பிச்சி செய்த வேலையேதான். கல்லிலிருந்து காற்று பிரிகிறது. எரிமலை வாய் வழியாக அது வானத்துக்குத் திரும்புகிறது. வெந்த பாறை மிச்சமாகக் கீழே தங்கிவிடுகிறது.

எரிமலை என்றால் அழிவு என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எனக்கு அது வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிற ஆளாகத்தான் தெரிகிறது. மழையும் பாறையும் சேர்ந்து காற்றிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்கின்றன; எரிமலை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. உருக்குலையாமல் ஒரு கோள் நெடுங்காலம் நீரோடு இருப்பதற்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் இரண்டும் நிற்காமல் நடந்தாக வேண்டும்.

இதை முதலில் எழுத்தில் வைத்தவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ழாக் ழோசப் எபெல்மன், 1845-இல். பிற்பாடு செவ்ர் பீங்கான் ஆலையை நடத்தியவர். சூளையோடு வாழ்ந்தவர் ஒருவர் இதைக் கண்டுபிடித்தது எனக்கு எப்போதும் நிறைவாக இருக்கும். அவர் எழுதியதை உலகம் மறந்துவிட்டது. 1952-இல் ஹெரால்ட் யூரி அதே சமன்பாட்டுக்கு மீண்டும் வந்து சேர்ந்தார். அப்புறம் 1981-இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூவர், இந்தக் கொடுக்கல் வாங்கல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்று காட்டினார்கள்.

எப்படிச் சரிசெய்யும் என்பதற்கு எங்கள் ஊர் ஏரியைச் சொல்லலாம். ஏரிக்கு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. நிறைந்தால் கலிங்கில் வழிகிறது. வரத்து கொஞ்சம் கூடினால் மட்டம் கொஞ்சம் ஏறும். மட்டம் ஏறினால் கலிங்கில் வழிவதும் கூடும். வரத்தும் போக்கும் சமமாகிற இடத்தில் மட்டம் நிற்கும். எரிமலை வரத்து. ஏரித்தண்ணீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. கலிங்கு என்பது மழை பாறையை அரிப்பது. எரிமலைகள் அதிகம் பொங்கினால் பூமி சூடாகும். சூடானால் மழை கூடும், பாறை வேகமாகச் சிதையும், காற்றிலிருந்து கார்பன் வேகமாக இறங்கும், சூடு தணியும். குளிர்ந்தால் எல்லாம் மந்தமாகும். எரிமலை மட்டும் தன் போக்கில் கொடுத்துக்கொண்டிருக்க, மட்டம் மெல்ல ஏறும். சூரியன் பிறந்த காலத்தில் இன்றைய ஒளியில் சுமார் 70 சதவீதம்தான் இருந்தது. அப்படியிருந்தும் பூமியில் கடல் இருந்ததற்கு, அன்று காற்றில் இந்த வாயு மிக அதிகமாக இருந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்கள் சொல்லும் முக்கியக் காரணம். சூரியன் சிறிது சிறிதாகப் பிரகாசமாக, கலிங்கும் சிறிது சிறிதாக மட்டத்தை இறக்கியிருக்கிறது.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், பலரும் குழப்பிக்கொள்வது இது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது பூமி சூடாகவில்லை. அடுத்த ஓராண்டு ஏறத்தாழ அரை டிகிரி குளிர்ந்தது. கோடிக்கணக்கான டன் கந்தக வாயு மேலே போய் வெயிலை மறைத்ததால் வந்த குளிர் அது. இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் கந்தகம் கீழே இறங்கிவிடும். நான் பேசுவது கார்பனை. அது லட்சம் வருடக் கணக்கு.

ஏரியின் கலிங்கையே அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பூமியிலேயே சாட்சி இருக்கிறது. சுமார் 72 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தில், இரண்டு முறை, பனிப்பாறை நடுக்கோட்டுப் பகுதி வரைக்கும் வந்திருக்கிறது. பனிப்பந்து பூமி என்று 1992-இல் ஜோசப் கிர்ஷ்விங்க் அதற்குப் பெயர் வைத்தார். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். குளிர் மேலும் குளிரைக் கொண்டுவரும். அதிலிருந்து தப்பவே வழியில்லை போலத் தோன்றும். ஆனால் நிலம் பனிக்கு அடியில் கிடந்ததால் பாறைமேல் மழை விழவில்லை. மழை இல்லையென்றால் கலிங்கில் வழிவதும் நின்றது. எரிமலைக்குப் பனி ஒரு பொருட்டில்லை. பனியைத் துளைத்துக்கொண்டு அது லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான வருடம் கொடுத்துக்கொண்டே இருந்தது. வாங்க ஆளில்லாத வாயு காற்றில் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் பனி தாங்கவில்லை. உருகத் தொடங்கியதும் அதிவேகமாக உருகி, கொதிக்கிற வெப்பமும் பேய்மழையுமாக மாறியது. நமீபியாவில் அதன் தடம் இருக்கிறது: பனிப்பாறை இழுத்துவந்து போட்ட கற்குவியல், அதன்மேல் இடைவெளியே இல்லாமல் நேராகச் சுண்ணாம்புப் படிவம். குளிரின் எச்சத்துக்கு மேல் சூட்டின் எச்சம். படத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது காளவாயின் அடுக்குதான் எனக்கு ஞாபகம் வந்தது. வானத்தில் சேர்ந்த வாயு அத்தனையையும் மழை பிடித்துக் கொண்டுவந்து ஒரே மூச்சில் கல்லாக்கிய இடம் அது.

வெள்ளிக் கோளில் வாயு இப்படிக் கல்லாகித் தங்கவில்லை. பூமியின் அளவுதான், பூமிக்குப் பக்கத்து வீடுதான். தரையில் 460 டிகிரி வெப்பம். காற்றழுத்தம் இங்கே இருப்பதைப்போல 90 மடங்குக்கு மேல். அந்தக் காற்றில் 96 சதவீதத்துக்கும் அதிகம் கார்பன் டை ஆக்சைடு. எனக்குத் தூக்கம் போகச் செய்த தகவல் இது: பூமியின் சுண்ணாம்புக்கல் அத்தனையையும் ஒரே காளவாயில் போட்டு வேக வைத்தால், கிளம்பும் வாயு ஏறக்குறைய வெள்ளியின் காற்றில் இருக்கும் அளவுக்கு வரும். இரண்டு வீட்டுக்கும் சொத்து ஒன்றுதான். நாம் அதைக் கல்லாக்கிக் கீழே வைத்திருக்கிறோம். அங்கே எல்லாம் வானத்தில் நிற்கிறது. வெள்ளி சூரியனுக்கு அருகில் இருப்பதால் நீரைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. நீர் போனபின் பாறையை அரிக்க மழை இல்லை. எரிமலை கொடுத்தது மட்டும் சேர்ந்துகொண்டே போனது. அந்த எரிமலைகள் இன்னும் அடங்கவும் இல்லை. மெகல்லன் விண்கலம் 1991-இல் எட்டு மாத இடைவெளியில் எடுத்த ரேடார் படங்களில், மாட் மோன்ஸ் என்ற பெரிய எரிமலை அருகே ஒரு வாய் உருமாறிப் பெரிதாகியிருப்பதை 2023-இல் கண்டு சொன்னார்கள். முப்பது வருடம் அந்தப் படம் நம்மிடமே இருந்திருக்கிறது.

செவ்வாயின் கதை இதற்கு நேர் எதிர். பூமியில் பத்தில் ஒரு பங்கு எடை. சின்ன அடுப்பு சீக்கிரம் ஆறும். 22 கிலோமீட்டர் உயரமுள்ள ஒலிம்பஸ் மோன்ஸை எழுப்பிய கோள் அது, ஆனால் உள்சூடு குறையக் குறைய எரிமலைகள் ஓய்ந்தன. காந்தப்புலமும் போனது. விண்வெளிக்குப் போன காற்றை ஈடுகட்ட உள்ளிருந்து வரத்து இல்லை. இன்று அங்கே காற்றழுத்தம் நமக்கிருப்பதில் ஒரு சதவீதம்கூட இல்லை.

வரத்து அளவுக்கு மீறி வேகமாக வந்தாலும் கலிங்கு தாங்காது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் பொங்கிய எரிமலைக் குழம்பு, மேலே வருகிற வழியில் நிலக்கரிப் படுகையையும் சுண்ணாம்புப் பாறையையும் துளைத்துக்கொண்டு வந்தது. கரியும் கல்லும் நெருப்பும் ஒரே இடத்தில். கண்டத்தின் அளவுக்கு ஒரு காளவாய். கடலில் வாழ்ந்த இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்துபோயின. கடைசியில் கலிங்கு வேலை செய்து பூமி குளிர்ந்ததுதான். ஆனால் அந்த உயிர்களுக்கு அதனால் என்ன பயன்?

நம் நாட்டிலும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கிய குழம்பு இன்றும் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. பெரும்பகுதி பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவான காலத்தில் வெளியே வந்துவிட்டது. அது விட்ட வாயு பூமியைச் சூடாக்கியது. அதே பசால்ட் பிறகு நடுக்கோட்டு மழையில் நனைந்து, கருங்கல்லைவிட வேகமாகச் சிதைந்து, காற்றிலிருந்து கார்பனை வாங்கத் தொடங்கியது. கொடுத்த கையே வாங்கிய கையுமானது.

கரிசல் மண் என்றாலே எரிமலைக் குழம்பு சிதைந்த மண் என்று பாடத்தில் படித்து, எங்கள் ஊர்க் கரிசலும் அதுதான் என்று நான் வெகு நாள் நம்பியிருந்தேன். ஒரு விவசாயியிடம் "உங்க காட்டு மண் எரிமலை மண்ணுங்க" என்று பெருமையாகச் சொல்லியும் அனுப்பியிருக்கிறேன். தவறு. தக்காணக் குழம்பு பாலக்காடு வரை வரவே இல்லை. ஆழத்தில் வெந்து உருமாறிய, கால்சியம் மிகுந்த நைஸ் (gneiss) என்ற பழைய பாறை, குறைந்த மழையில், தாழ்வான நிலத்தில் சிதைந்தால் அதுவும் கரிசலாகும். அவரை மறுபடி சந்தித்தபோது திருத்திச் சொன்னேன். "எந்த மண்ணா இருந்தா என்னங் அம்மிணி, கடலை வெளஞ்சாச் சரி" என்றார்.

நான் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. "ஒரு எரிமலை வெடித்தால் மனிதன் நூறு வருடம் விட்ட புகைக்குச் சமம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. என் சொந்தக்காரர்களே அனுப்புகிறார்கள். உலகத்து எரிமலைகள் அத்தனையும் சேர்ந்து ஓராண்டில் விடும் கார்பன் டை ஆக்சைடு, மனிதர் ஓராண்டில் விடும் 3500 கோடி டன்னுக்கும் மேலான அளவில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். மனிதர் விடுவதில் சிமென்ட்டுக்காகக் கல் வேக வைப்பது தனிப் பெரும் பங்கு. அப்பிச்சியின் காளவாய் மாதத்துக்கு இரண்டு முறை எரிந்தது. இப்போது உலகம் முழுக்க அணையாத காளவாய். கலிங்கு திறந்துதான் இருக்கிறது, ஆனால் அது வடிக்க லட்சக்கணக்கான வருடம் ஆகும். பூமி பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்களிடம் நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

மழையின் வேலையை வேகப்படுத்த வயலில் பசால்ட் பொடி தூவிப் பார்க்கிறார்கள். கார்பன் நீக்கத்துக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியில் 2025-இல் முதல் பரிசு பெற்ற நிறுவனம், இந்தியாவின் சிறு விவசாயிகளுடன் இதைத்தான் செய்கிறது. எங்கள் மாவட்டத்தில் செய்தால் மேற்கே புளிப்பு மண்ணில், மழை பிய்த்துக்கொண்டு பெய்கிற இடத்தில் போட வேண்டும் என்பது என் எண்ணம். கிழக்கே போட்டால் பொடி பொடியாகவே கிடக்கும். அப்பிச்சியின் வண்டி போன அதே தடத்தில், இப்போது சுண்ணாம்புக்குப் பதில் எரிமலைக் கல்லின் பொடி.

காளவாய் இப்போது இல்லை. மேடு மட்டும் இருக்கிறது, அதில் சீமைக்கருவேலம். அம்மா வீட்டின் பின்சுவரில், கடைசியாகக் காளவாய் எரிந்த வருடத்துப் பொங்கலுக்கு அப்பிச்சி அடித்த வெள்ளை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுட்ட கல்லில் தண்ணீர் தெளித்ததும் அது சீறி, ஆவி பறக்க வெடித்து, மாவாக நீறும். அந்த மாவைக் கரைத்துச் சுவரில் பூசினால் காயக் காயக் காற்றிலிருந்து பழைய வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். போன மாதம் ஊருக்குப் போனபோது வேலைப் பையில் அமிலக் குப்பி இருந்தது. நகத்தளவு ஒரு சில்லைப் பெயர்த்துத் தட்டில் வைத்து ஒரு சொட்டு விட்டேன். சுர்ரென்று நுரைத்தது. அம்மா எட்டிப் பார்த்து, "அப்பா அடிச்ச வெள்ளைய எதுக்குடி சொரண்டறே?" என்றாள்.